முன் அனுபவம் உண்டு

ஏற்காட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, என் பயோடேட்டாவைப் பிரிண்ட் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நான் வேறு ஆளாக மாறியிருந்தேன். எனக்கு இந்தி தெரிந்திருந்தது. கல்லூரியில் மாணவர் தலைவியாக இருந்திருந்தேன். பேச்சுப் போட்டியில் மாநில அளவில் பரிசு வாங்கியிருந்தேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் நீச்சல் என்று இருந்தது. நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள். குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடிய பழக்கம் உண்டே தவிர, நீந்துகிற அளவுக்குத் தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தது கிடையாது.

"இது யாரோடதுங்க?" என்று கேட்டேன்.

"உங்களுதுதான் கண்ணு. கொஞ்சம் சப்புனு இருந்துச்சு. லேசாக் கை வெச்சேன்" என்றார் கடைக்கார அம்மாள்.

"எனக்கு இந்தி தெரியாதுங்களே."

"வேல கெடச்சாத் தானா வந்துருமுங்க."

பழையபடியே மாற்றித் தரச் சொன்னேன். மாற்றினார். ஒவ்வொரு வரியை அழிக்கும்போதும் என்னை ஒருமுறை பார்த்தார். சீர் செய்து அலங்கரித்த பெண்ணின் கழுத்திலிருந்து நகையைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம். கடைசியில் காகிதத்தை நீட்டியபோது, "ஏனுங்க கண்ணு, உங்களப் பத்தி நீங்களே இவ்வளவு கம்மியாப் பேசுனா, மத்தவிய எப்படிப் பேசுவாங்க?" என்றார். அந்தக் காகிதத்தோடுதான் நேர்காணலுக்குப் போனேன். வேலை மட்டும் கிடைத்துவிட்டது.

வேலை, ஒரு சுற்றுலா விடுதியில் மனிதவளப் பிரிவில். பிரிவு என்றால் நான்தான். நான், ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலி சுழலாது. மலையில் யாருக்கு அங்கே வேலை வேண்டுமென்றாலும் விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வரவேண்டும். அப்படி வந்த விண்ணப்பங்களில் முக்கால்வாசி அந்த அம்மாள் கையால் பிறந்தவை. அவரை எல்லோரும் பயோடேட்டா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் போடும் பெட்டி ஒன்று. மூடுபனி இறங்கினால் காகிதம் நமுத்துப்போய் மெஷினில் சிக்கிக்கொள்ளும் என்பதால், கட்டுக்கட்டாகக் காகிதத்தை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து உள்ளே குண்டு பல்பு எரியவிட்டிருப்பார். இரண்டு விரலால்தான் டைப் அடிப்பார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பக்கம் ஓடியிருக்கும். கண்ணாடிக்கு மேலாக ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு உங்கள் தகுதிகள் எல்லாம் தெரிந்துவிடும். உங்களுக்குத்தான் தெரியாது.

சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆண்கள் எல்லோரும் அதைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். வேட்டி கட்டி வந்தாலும் பரவாயில்லை, போட்டோவில் இடுப்புக்குக் கீழே தெரியாது. மேலிருந்து இரண்டாவது பித்தான் மட்டும் பழுப்பு நிறம். நாகலூர் எஸ்டேட் வாட்ச்மேன், கரடியூர் விவசாயி, டவுனில் பரோட்டா போடுகிறவர் என்று அத்தனை பேரும் அந்தப் பழுப்புப் பித்தானோடு என் மேசையில் இருந்து என்னை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே எழுதியிருப்பதற்கு அந்தக் கோட்டு எவ்வளவோ தேவலாம். மஞ்சக்குட்டை ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றியவர், பயணிகள் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர். காப்பிப் பழம் பறித்த பெண், ஏற்றுமதித் தரத் தேர்வாளர். "அந்தக் காப்பி கப்பல்ல போவுதுங்களா இல்லீங்களா?" என்பார் அக்கா. கோடை விழா மலர்க் கண்காட்சியில் கூட்டத்துக்குக் கயிறு பிடித்து நின்றவருக்கு, சர்வதேச நிகழ்ச்சி மேலாண்மையில் அனுபவம். இதில் சர்வதேசம் எங்கிருந்து வந்தது என்று சண்டைக்குப் போனேன். "ஒரு வெள்ளக்காரரு வந்து இவனோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாருங்க கண்ணு" என்றார். போட்டோவையும் காட்டினார். வெள்ளைக்காரர் இருந்தார்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். சம்பந்தப்பட்டவருக்கே அதில் பாதி புரியாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நேர்காணலில் என்னிடமே கேட்பார்கள். தமிழில் சொன்னால், "நான் அப்புடீங்களா?" என்று வியப்பார்கள். வியந்துவிட்டு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள். அதுவரை நுனியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எரிச்சலாக இருந்தாலும் அந்த நிமிர்வைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து விசாரிப்பது என் கடமைகளில் ஒன்று. ஒருமுறை ஊட்டியில் ஒரு ஓட்டலில் வேலை செய்ததாக ஒருவர் எழுதியிருந்தார். கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்தேன். கனத்த குரலில், "சொல்லுங்க, மேனேஜர் பேசறேன்" என்று ஒரு அம்மாள் எடுத்தார். ஆளைப் பற்றிக் கேட்டேன். அவர் போனதிலிருந்து ஓட்டலே களையிழந்து கிடப்பதாகச் சொன்னார். பின்னால் ஒரு கண்டக்டர் 'நாகலூர், நாகலூர், ஏறு ஏறு' என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஊட்டியில எப்ப இருந்துங்க நாகலூர் பஸ் நிக்குது?" என்றேன்.

உடனே கனத்த குரலை விட்டுப் பழைய குரலில், "சாப்ட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

பயோடேட்டா மட்டும் என்றில்லை, யாரையும் சின்னதாகச் சொல்ல அவருக்கு வாய் வராது. டீக்கடையில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், அந்த விடுதியே என் கையில் இருப்பதாகத்தான் சொல்வார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அவர்தான் வாசகம் எழுதிக் கொடுப்பார். வாழ்நாளில் ஒரு வேலையும் செய்யாமல் ஏரிக்கரையில் சீட்டாடியே காலத்தைக் கழித்த ஒருவர் இறந்துபோனார். 'உழைப்பின் சிகரமே, ஊருக்கு வழிகாட்டியே' என்று போஸ்டர் ஒட்டியாயிற்று. அவர் மனைவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, நேரே கடைக்கு வந்தார். "அக்கா, வேற யாருக்கோ எழுதுனதுல எங்க ஊட்டுக்காரரு போட்டோவ மாத்தி வெச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

"போட்டோ உன்ற ஊட்டுக்காரருதுதான் சாமி. எழுதுனது, அவரு எப்புடி இருந்திருக்கோணும்னு நீ நெனச்சியோ அது" என்றார் அக்கா. அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதுவரை அவர் அழவில்லையாம்.

இதையெல்லாம் வைத்து அக்கா எதற்கும் துணிந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் வந்தான். சமவெளியில் டெம்போ ஓட்டியவன். மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். அக்கா கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். "கொண்ட ஊசி வளவுல ஒருக்கா ரிவர்ஸ் எடுத்திருக்கறயா?" என்று கேட்டார். இல்லை என்றான். "அப்ப எந்திரி. ஸ்டியரிங்குலயும் ஊசி மருந்துலயும் நான் கை வெக்கறதில்ல" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அவன் கதை நடக்கவில்லை. எந்தப் பொய்யால் யார் சாவார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டேன். நீங்கள் எழுதுவது எல்லாம் பொய்தானே, உங்களுக்கு உறுத்தவில்லையா என்று. அக்கா எங்கள் விடுதி கொடுத்திருந்த வேலை விளம்பரத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

"லேக் வியூன்னு போட்டிருக்குதுங்களே, ஏரி எங்கிருந்து தெரியுது?"

"மொட்ட மாடியில, தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாத் தெரியுங்க."

"குடும்பம் போன்ற சூழல்னு இருக்குது."

எங்கள் மேனேஜர் சமையல்காரரை நோக்கித் தட்டை வீசியது முந்தின வாரம்தான். யோசித்துப் பார்த்தால் குடும்பம் போன்றதுதான்.

"கவர்ச்சிகரமான சம்பளமுன்னும் இருக்குது. வாங்கறீங்களே, எப்புடி?" என்று கேட்டுவிட்டுத் திரையை மூடினார். "அவிய பெரிய எடம், சும்மா அவுத்து உடலாம். வேல கேட்டு வர்றவன் மட்டும் உள்ளத உள்ளபடி சொல்லோணுமா?"

வெள்ளையன் வந்தது அந்தச் சமயத்தில்தான். கரடியூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். சில்வர் ஓக் மரங்களில் ஏறி, அவற்றில் படர்ந்திருக்கும் மிளகைப் பறிக்கிறவர். மரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. நடக்கலாம், இனி ஏற முடியாது. இருக்கிற கையகல நிலத்தில் சாமை போட்டு எத்தனை வயிறு நிறையும்? மலையில் ஒரு வேலை கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. மச்சினன் அங்கே ஒண்டுக்குடித்தன அறை ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று போன் செய்துகொண்டே இருந்தான். வெள்ளையனுக்குப் போக மனமில்லை.

அக்கா அவரிடம், மரம் ஏறியது தவிர வேறு என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்தால் தகர டின்னைத் தட்டி விரட்டியதாகச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். வனவிலங்கு மேலாண்மை நிபுணர் என்று தலைப்புப் போட்டு, பழுப்புப் பித்தான் கோட்டோடு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. நான் சிரித்துவிட்டு, வாட்ச்மேன் வேலைக்கு வந்த விண்ணப்பங்களோடு சேர்த்து வைத்தேன். மேனேஜர் எதேச்சையாகப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

மேனேஜர் சென்னைக்காரர், முதலாளியின் மருமகன். விடுதியை ஒட்டியிருந்த காப்பித் தோட்டத்துக்குள் விருந்தினர்களை நடத்திக் கூட்டிப்போவதற்கு ஜங்கிள் வாக் என்று பெயர் வைத்து, அதற்குத் தனியாகக் காசு வாங்க அவருக்கு ஆசை. அதற்கு ஒரு நிபுணர் வேண்டும். நேர்காணலில், "சிறுத்தை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் வெள்ளையன்.

"எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே வேலை கொடுத்தார் மேனேஜர். தொப்பி வந்தது. பைனாகுலர் வந்தது. வெள்ளையன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்க் காட்டினாராம். அக்கா எழுந்து நின்று பார்த்தாராம். திருப்பூர் மச்சினனிடம் அறை வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

பிரச்சினை முதல் நாளே ஆரம்பித்தது. விருந்தினர்கள் கேட்டார்கள், வெள்ளையன் பதில் சொன்னார். அவ்வளவுதான் பிரச்சினை. இங்கே சிறுத்தை உண்டா என்றால், "இல்லீங்க. எங்க தாத்தன் காலத்துல பாத்ததாச் சொல்லுவாங்க. அவரும் அடுத்தவிய சொல்லிக் கேட்டதுதானுங்க." அந்தப் பறவைக்கு என்ன பெயர் என்றால், "தெரியாதுங்க." மூலிகைத் தோட்டம் என்று பலகை வைத்திருந்த இடத்தில் ஒரு அம்மாள் ஒரு செடியைத் தொட்டு, இது எந்த வியாதிக்கு என்று கேட்டார். "உண்ணிச்செடிங்க. களை. ஆடுகூட வாய் வெக்காது" என்றார் வெள்ளையன். தோட்டத்தின் கோடியில் பாறைமேல் தண்ணீர் வழிகிற இடம் ஒன்று உண்டு. இயற்கை நீரூற்று என்று எங்கள் விளம்பரத்தில் படம் இருக்கும். ஒரு குடும்பமே அதில் கால் நனைத்து, கையில் அள்ளி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, இது எந்த மலையிலிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"மலையில இருந்து இல்லீங்க. மேல நம்ம ஓவர் டேங்க் ரொம்பி வழியுதுங்க. மோட்டார நிறுத்தச் சொல்லி நானும் நொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கறேன்."

இணையத்தில் எங்கள் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மேனேஜர் வெள்ளையனைக் கூப்பிட்டு, சிறுத்தை இல்லை என்று சொல்லாதே, இருக்கலாம் என்று சொல் என்று கற்றுக்கொடுத்தார். மறுநாள் வெள்ளையன் விருந்தினர்களிடம், "இருக்கலாமுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. ஆனா இல்லீங்க" என்றார். அந்தக் குழு சிரித்துக்கொண்டே வந்து என் மேசை முன்னால் அதைச் சொல்லிக் காட்டியது. உள்ளறையிலிருந்து மேனேஜருக்கும் கேட்டுவிட்டது. சாயங்காலமே வெள்ளையனை நிறுத்திவிடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

வெள்ளையனிடம் சொன்னேன். தொப்பியையும் பைனாகுலரையும் துடைத்து என் மேசைமேல் வைத்தார். "பரவாயில்லீங்க மேடம். நானும் சொல்லிப் பாத்தேன், வாய் வல்லீங்க" என்றார். திருப்பூர் அறை இன்னும் காலியாக இருக்குமா என்று மச்சினனைக் கேட்க வேண்டும் என்றார். மனிதவளம் படித்தவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவதென்று சொல்லித் தரவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்தார். நல்ல மழை. குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, வெள்ளையனையும் கூட்டிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். அக்கா ஏதாவது ஒரு குரலில் பேசி, ஏதோ ஒரு கம்பெனியின் தலைவியாக மாறப்போகிறார் என்று பயந்தேன். அவர் மாறவில்லை.

"இந்த ரெஸ்யூம் அடிச்சது நீங்கதானா? வனவிலங்கு நிபுணர்னு போட்டிருக்கீங்க. அது பொய்தானே?" என்று கேட்டார் மேனேஜர்.

"பொய்தானுங்க" என்றார் அக்கா.

மேனேஜர் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"இவனுக்குப் பொய் சொல்ல வராதுங்க சார். அதனாலதான் இவனுக்குப் பதிலா நான் சொன்னேன். இவனப் பத்தி உள்ளத உள்ளபடி எழுதியிருந்தா நீங்க வாட்ச்மேனாக்கூட எடுத்திருக்க மாட்டீங்க. கால் வேற கோணல். வேற வேல எதாச்சும் குடுங்க. சாவிக்கொத்தக் குடுங்க, ஸ்டோர் ரூமக் குடுங்க. ஒரு மொளகு நவுராது."

"மேடம், இது சர்வீஸ் இண்டஸ்ட்ரி. இங்க கஸ்டமர் சந்தோஷமா இருக்கணும். உண்மை பேசுறவரை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார் மேனேஜர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர்கள் வெகுநேரம் அப்படித் திரும்பியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து, முடியாது என்றார்.

அக்கா கெஞ்சவில்லை. "அப்ப இங்க வேல பாத்ததுக்கு ஒரு சர்டிபிகேட் மட்டும் குடுங்க" என்றார்.

"தாராளமா. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதிக் கொடுங்க. அதை வெச்சு எங்க வேலை கிடைக்குதுன்னு நானும் பார்க்கிறேன்" என்று என்னிடம் சொன்னார் மேனேஜர். ஆத்திரத்தில் சொன்னது. நான் மேலதிகாரி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவள் என்று பெயர் எடுத்தவள்.

விடுதியின் லெட்டர்பேடில் தமிழிலேயே அடித்தேன். இவர் எங்களிடம் வழிகாட்டியாகப் பணியாற்றினார். இல்லாத சிறுத்தையை இருப்பதாகச் சொல்ல மறுத்தார். களைச்செடியை மூலிகை என்று சொல்ல மறுத்தார். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை இயற்கை ஊற்று என்று சொல்ல மறுத்தார். நிர்வாகம் அறிவுறுத்திய பிறகும் தம்மைத் திருத்திக்கொள்ளவில்லை. எனவே பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். மேனேஜர் அதை நிதானமாகப் படித்தார். "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். குற்றப்பத்திரிகையில் கையெழுத்துப் போடுகிற திருப்தி முகத்தில் தெரிந்தது.

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு அதைப் படித்தார். அவர் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டு ஒரு சொல்லையும் கூட்டாமல் மடித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாசலில் குடையை விரித்தபோது என் கன்னத்தைத் தட்டி, "நொம்ப நல்லா எழுதறீங்க கண்ணு" என்றார். வாங்கிய சான்றிதழ்களிலேயே எனக்குப் பெரியது அது.

அதை லேமினேட் பண்ணி, டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளி விடுதிக்கு வெள்ளையனைக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ஸ்டோர் ரூமுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். இருந்தவர் அரிசியையும் பருப்பையும் சகட்டுமேனிக்கு வெளியே கடத்தியதால் நீக்கப்பட்டவர். தலைமைச் சிஸ்டர் சான்றிதழைப் படித்துவிட்டு, "இது நெசமாங்க?" என்று வெள்ளையனைக் கேட்டாராம். "ஆமாங்க சிஸ்டர். அது தொட்டித் தண்ணிதானுங்க. வேணும்னா வாங்க, காட்டறேன்" என்றாராம் அவர். சாவிக்கொத்து அன்றே கைக்கு வந்தது. திருப்பூர் அறையை மச்சினன் வேறு யாருக்கோ விட்டுவிட்டான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நேர்மையே வெல்லும் என்று எழுதி நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அக்கா தொழில் தெரிந்தவர். எந்தச் சரக்கு விலை போகிறது என்பதைப் பார்த்துவிட்டார்.

அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தோம். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. முதலாவதைப் பிரித்தேன். 'பொய் சொல்ல மறுத்ததால் முந்தைய பணியிலிருந்து நீக்கப்பட்டவர்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாமவர் இன்னும் ஒரு படி மேலே போய், உண்மை பேசியதற்காகப் பல நிறுவனங்களிலிருந்து விரட்டப்பட்டிருந்தார். சேர்வராயன் மலையில் இத்தனை உத்தமர்கள் வேலையிழந்து தவிப்பது எனக்கு அதுவரை தெரியாமல் போயிருந்தது.

மத்தியானமே கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அக்கா, நேர்மையக்கூட விடமாட்டீங்களா? அதையும் அச்சுல போட்டு எல்லாருக்கும் ஒட்டிட்டீங்களே."

"ஏன் கண்ணு, நல்லாத்தான இருக்குது? சர்வதேசம் போட்டாத் திட்டறீங்க, நிபுணர்னு போட்டாத் திட்டறீங்க. நெசம் பேசறவன்னு போட்டாலும் திட்டுனா நான் என்னதான் போடறது?"

"அது நெசமா இருந்தாத்தான போடோணும்!"

"நெனச்சுப் பாருங்க. வேலைக்கிச் சேந்ததும் இவியளும், நம்மளப் பத்தி இப்புடிப் போட்டிருக்குதே, பொய் பேசக்கூடாதுன்னு ஒரு நாளாவது நெனைக்க மாட்டாங்களா?" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. அவர் அதை மனப்பூர்வமாக நம்பினார். மனிதர்களைப் பற்றி அக்கா சொன்ன மிகைகளிலேயே இதுதான் பெரியது என்று அப்போது நினைத்தேன். அவர்மீது எனக்கு எவ்வளவு பிரியம் என்பதும் அந்தச் சண்டையில்தான் தெரிந்தது. கோபமாகத் திரும்பி வந்தேன். ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த பன்னைத் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அலுவலகத்துக்கு வந்ததும், விண்ணப்பங்களில் ஒன்றை உருவி, அதிலிருந்த எண்ணுக்கு வேண்டுமென்றே போன் போட்டேன். நாகலூர்ப் பெண், அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குக் கேட்டிருந்தாள். அவள் பெயருக்குக் கீழேயும் அதே தடித்த எழுத்து. யாரையாவது ஒருத்தரைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரும்போல இருந்தது.

"பொய் சொல்ல மறுத்ததால வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு போட்டிருக்கீங்களே. எந்தக் கம்பெனியில இருந்துங்க எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"மேடம்... நான் இதுக்கு முன்னால எங்கயும் வேலைக்கிப் போனதில்லீங்க. இதுதான் மொதல் வேல" என்றாள்.

"பின்ன எதுக்கு அப்படிப் போட்டீங்க?"

"நான் போட வேண்டாமுன்னுதான் சொன்னேனுங்க மேடம். பொய் வேண்டாமுங்கக்கான்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். அக்காதான் கேக்கவே இல்லீங்க."

நான் அந்தத் தடித்த வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அப்புறம், நாளைக்குக் காலையில் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.